காலாப்பட்டுக் கரைக்கு ஒரு ஜெட் ஸ்கி, இரண்டு ஆட்கள்

உழவர்கரை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரெட்டியார்பாளையம், மூலகுளம், லாஸ்பேட்டை, கோரிமேடு, ஜிப்மர் என்றுதான் நினைவு ஓடும். உள்ளூரிலேயே பலருக்கு அப்படித்தான். எங்கள் நகராட்சிக்குக் கடலும் உண்டு என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். லாஸ்பேட்டையைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குச் சொந்தமான கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மறுபடியும் புதுச்சேரி வந்துவிடும். பிள்ளைச்சாவடி, சின்ன காலாப்பட்டு, பெரிய காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் என்று வரிசையாக மீனவ ஊர்கள். பல்கலைக்கழகமும் அங்கேதான். இந்தத் துண்டும் உழவர்கரை நகராட்சிதான்.

விடுமுறை நாள் சாயங்காலம் அந்தக் கரையோரம் நடந்து பாருங்கள். அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய இடங்களை விட்டுவிட்டு, மணல் துண்டு எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே கூட்டம் இறங்கி நிற்கும். கல்லூரிப் பிள்ளைகள், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த குடும்பங்கள். முழங்காலில் ஆரம்பித்து இடுப்பு, மார்பு என்று உள்ளே போய்விடுவார்கள். யாரையாவது தண்ணீர் இழுத்துக்கொண்டு போனால் முதலில் ஓடுவது பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர்கள். அவர்கள் நீந்திப் போய் இழுத்துக்கொண்டு வந்த உயிர்களுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

அவர்களிடம் இருக்கும் வாகனம் ஃபைபர் போட்டு, அதில் லாங் டெயில் எஞ்சின். நீளமான தண்டு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் விசிறி சுழலும். மீன்பிடிக்கு அருமையான எஞ்சின் அது. தலை மட்டும் தெரிகிற ஒரு ஆளின் பக்கத்தில் அதைக் கொண்டுபோவது வேறு கதை. போதாததற்கு, போட்டை மணலிலிருந்து தள்ளி அலை தாண்ட வைக்க ஆள் சேர வேண்டும், நேரம் வேண்டும்.

நேரம்தான் கிடையாது. மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா 1970களில் உண்மையான மூழ்கல்களைப் படமெடுத்து ஆராய்ந்து, நடப்பது வேறு என்று காட்டினார். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணம் மூச்சை இழுக்கவே சரியாக இருக்கும். கத்துவதற்கு மூச்சு மிஞ்சாது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், ஆட்டிக் கூப்பிட முடியாது. இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடி வரைதான் நீடிக்கும். தலை உள்ளே போய் மூச்சு நின்றால், ஆக்சிஜன் இல்லாமல் மூளை பழுதாகத் தொடங்க நாலு முதல் ஆறு நிமிடம் போதும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல். குளம், கிணறு, ஆறு, கடல் எல்லாம் சேர்த்த கணக்கு அது.

கரையிலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஒருவர் போய்விட்டார், நடுவில் அலை உடைந்துகொண்டிருக்கிறது என்றால், அவரிடம் ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேரக்கூடிய வாகனம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது. ஜெட் ஸ்கி. அதைக் கொண்டு உயிர் காக்க ஆட்களைப் பழக்குவது பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெட் ஸ்கி பிறந்தது விளையாட்டுக்காக. 1970களில் கவாசாகி விற்ற வண்டி நின்றுகொண்டே ஓட்டுவது, ஒரு ஆளுக்கு மட்டும் இடம். அதில் போய் யாரையும் ஏற்றிக்கொண்டு வர முடியாது. 1980களின் நடுவில் உட்கார்ந்து ஓட்டும், இரண்டு மூன்று பேரைத் தாங்கும் வண்டிகள் வந்த பிறகுதான் வழி திறந்தது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஹவாய்த் தீவுக்காரர்கள். ஓஆஹு தீவின் மகாஹா கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிரையன் கியவ்லானா, அவருடைய நண்பர்கள் டெர்ரி ஆஹூ, மெல்வின் பூ ஆகியோர் 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் இதையே வேலையாக வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். பெரிய அலையில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது, மயங்கிக் கிடப்பவரை எப்படித் தூக்குவது என்பதெல்லாம் அவர்கள் அடிபட்டுக் கற்றது. அவர்கள் கண்ட பெரிய விஷயம் ஒரு பலகை. கைப்பிடிகள் வைத்த மெத்தென்ற மிதவைப் பலகையை வண்டியின் பின்னால் கட்டினார்கள். தண்ணீரில் கிடப்பவரை உயரமான இருக்கைக்குத் தூக்க வேண்டாம். தண்ணீர் மட்டத்திலேயே கிடக்கிற பலகையில் உருட்டி ஏற்றினால் போதும். இன்றைக்கு ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் கடற்கரை உயிர்காப்பாளர்களின் ஜெட் ஸ்கி பின்னால் நீங்கள் பார்க்கும் பலகை அந்த வழியில் வந்தது.

அந்த ஹவாய்க்காரர்கள் அலையில் வளர்ந்தவர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் காலாப்பட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

இந்த வண்டிக்கு வெளியே விசிறி கிடையாது. அடியில் ஒரு வாய் இருக்கும். அது தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் விசிறி வழியாகப் பின்பக்கக் குழாயில் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பீய்ச்சலில்தான் வண்டி ஓடுகிறது. திரும்புவதும் அந்தக் குழாய் திரும்புவதால்தான். சுழலும் இரும்பு உடம்பில் படாது என்பதால் மனிதர்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம். அதே அமைப்பிலிருந்துதான் இதன் ஆபத்துகளும் வருகின்றன.

முதலாவது, ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி திரும்பாது. பைக்கில் எதிரே ஆள் வந்தால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஹேண்டிலை ஒடிப்போம், அது நம் கையில் ஊறிப்போன பழக்கம். ஜெட் ஸ்கியில் அதைச் செய்தால் பீய்ச்சல் நின்றுவிடும், ஹேண்டில் சும்மா சுற்றும், 300, 400 கிலோ எடை நேராகப் போய் மோதும். காப்பாற்றப் போன ஆள்மேலேயே மோதும். திரும்ப வேண்டுமானால் கொஞ்சமாவது ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே திரும்ப வேண்டும். பல வருடம் பைக் ஓட்டிய கைக்கு இதை மறுபடியும் மறுபடியும் செய்ய வைத்துத்தான் பழக்க முடியும். புதிதாக வரும் வண்டிகள் சிலவற்றில் இதற்கு உதவிகள் இருக்கின்றன. அவற்றை நம்பி இந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, உறிஞ்சும் வாய். தலைமுடி, கயிறு, லைஃப் ஜாக்கெட்டின் தொங்கும் வார் எது போனாலும் இழுத்துக்கொள்ளும். எங்கள் கரையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், அறுந்து மிதக்கும் நைலான் வலைத் துண்டு. கையகலத் துண்டு போதும், அலைக்கு நடுவில் வண்டி செத்துப்போகும். ஆழம் இரண்டு மூன்று அடிக்குக் கீழே போனால் மணலை உறிஞ்சி உள்பாகம் தேய்ந்துவிடும். பின்னால் பீய்ச்சுகிற தண்ணீரும் விளையாட்டில்லை. பின்பக்கமாக விழுகிறவரின் உடலுக்குள் அது வேகமாக ஏறிக் கடுமையான உள்காயம் ஏற்படுத்தும். தடித்த ரப்பர் கால்சட்டை போடுங்கள் என்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பது இதனால்தான். சுற்றுலாவுக்கு ஏறும் நம் ஆட்களில் அதைப் போட்டுக்கொண்டு ஏறியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, நுரை. அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கிற இடத்தில் தண்ணீரோடு காற்று கலந்திருக்கும். காற்றை உறிஞ்சினால் பம்புக்குப் பிடிப்பு போய்விடும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. மாட்டிக்கொண்டவர் பெரும்பாலும் அந்த நுரைக்குள்தான் இருப்பார். அதனால் நுரைக்குள் போய் நின்றுகொண்டு தேடக் கூடாது. வெளியே பச்சைத் தண்ணீரில் காத்திருந்து, அலை அடங்குகிற இடைவெளியில் உள்ளே பாய்ந்து, எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

இந்த மூன்றாவது விஷயத்தை பிள்ளைச்சாவடியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். கட்டுமர காலத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்.

"அண்ணே, வண்டி நுரையில இழுக்காதாம். இடைவெளி பாத்துத்தான் உள்ள போவணுமாம்."

"இதுல என்ன தம்பி புதுசு? கட்டுமரத்த எப்படித் தள்ளுவோம்னு நெனச்ச? பெருசு பெருசா சேந்தாப்ல வரும், அப்புறம் அமந்துடும். அமரும்போது தள்ளுவோம். அத பாக்கத் தெரியாதவன் மரத்துல ஏறவே கூடாது."

ஹவாயில் பாடமாக வைத்திருக்கும் விஷயம் இவர்களுக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருக்கிறது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டமும் அப்படித்தான். அலைகள் கொண்டுவந்து குவித்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு தாழ்வான வாய்க்காலைத் தேடிக்கொள்ளும். அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். வெளியூர்க்காரர் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்குவார். நொடிக்கு இரண்டு மீட்டர் வரை கூட வேகம் எடுக்கும், ஒலிம்பிக் நீச்சல்காரரே எதிர்த்து நீந்தித் தோற்கிற வேகம். கல் கொட்டிய இடங்களை ஒட்டியும் இப்படி இழுக்கும். எந்த வாரம் வாய்க்கால் எங்கே நகர்ந்திருக்கிறது என்று கரையில் நின்றபடியே சொல்ல மீனவர்களால் முடியும். காப்பாற்றப் போகும் ஜெட் ஸ்கிக்கு வெளியே போக நல்ல பாதையும் அதுதான், ஆழம் இருக்கும், நுரை இருக்காது.

கடலைத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வண்டியைத் தெரிந்தவர்களும் ஓரளவு இருக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜெட் ஸ்கி ஓட்டுகிற பையன்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்த்து உட்கார வைத்து, மூன்றாவதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த மூன்றாவது விஷயம் மீட்பு.

அது தனிப் படிப்பு என்பதை உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர் ஷான் அலாடியோ. கலிஃபோர்னியாக்காரர், ஜெட் ஸ்கி பந்தய வீராங்கனையாக இருந்தவர். 1989இல் கே38 என்ற பயிற்சி அமைப்பைத் தொடங்கி, உயிர்காப்பாளர்கள், தீயணைப்பு வீரர்கள், ராணுவத்தினர் என்று பலருக்கும் கற்றுக்கொடுத்தவர். ஓட்டத் தெரிந்திருப்பதும் மீட்கத் தெரிந்திருப்பதும் வேறு வேறு என்பதே அவருடைய பாடத்தின் அடித்தளம். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் பக்கம் யாராவது "வண்டி இருக்கு, ஓட்டப் பசங்க இருக்காங்க, அப்புறம் என்ன" என்று சொல்லும்போது எனக்குப் பயமாக இருப்பது இதனால்தான்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

வண்டியைத் தொடுவதற்கு முன் நீச்சல். பிரிட்டனின் ஆர்என்எல்ஐ அமைப்பு தன் கடற்கரை உயிர்காப்பாளர்களிடம் கேட்பது, 400 மீட்டரை ஏழரை நிமிடத்துக்குள் நீந்த வேண்டும், மணலில் 200 மீட்டரை 40 நொடிக்குள் ஓட வேண்டும். வண்டி பழுதாகிக் கவிழ்ந்தால் மிச்சம் இருப்பது உடம்பு மட்டும்தானே. கடலோரப் பிள்ளைகள் எல்லாருக்கும் நன்றாக நீந்த வரும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். சோதித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், ஊர்ப் பெருமைக்காக யாரையும் சேர்க்கக் கூடாது.

அடுத்து, அலையில்லாத தண்ணீர். ஊசுட்டேரி பக்கத்தில் இருக்கிறதே என்று தோன்றலாம். அது பறவைகள் சரணாலயம், எஞ்சின் சத்தம் அங்கே கூடவே கூடாது. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு இருக்கிறது, படகுப் போக்குவரத்துக்குப் பழகிய தண்ணீர். அங்கே முதல் பாடம் ஒரு கயிறு. எஞ்சினை நிறுத்தும் சாவியில் ஒரு முனை, ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மறுமுனை. அவர் விழுந்தால் சாவி கழன்று எஞ்சின் நின்றுவிடும். கட்டாமல் ஓட்டினால், ஆளில்லாத வண்டி கூட்டத்துக்குள் பாயும். பிறகு இருக்கையைத் திறந்து பெட்ரோல் ஆவியை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது. பிறகு கவிழ்ந்த வண்டியை நிமிர்த்துவது. எந்தப் பக்கமாக உருட்ட வேண்டும் என்று பின்னால் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மாற்றி உருட்டினால் புகைபோக்கி வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை இதைச் செய்து பழக வேண்டும்.

பிறகு ஆளை எடுப்பது. ஆக்சிலேட்டர் வலது கையில் இருக்கிறது, அதனால் மூழ்குகிறவர் எப்போதும் ஓட்டுபவரின் இடது பக்கம் வர வேண்டும். இடது கை நீட்டி, மணிக்கட்டோடு மணிக்கட்டாகப் பிடிக்க வேண்டும். வண்டியின் மூக்கு கடலைப் பார்த்து இருக்க வேண்டும், அடுத்த அலை வந்தால் பக்கவாட்டில் வாங்கிக் கவிழாமல் இருக்க. பிடித்ததும் கரையைப் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. முதலில் கடலுக்குள், அலை உடையும் இடத்துக்கு அப்பால் போய், ஆளைப் பலகையில் சரியாகப் படுக்க வைத்து, பிறகு ஒரு அலையின் முதுகிலேயே கரைக்கு வர வேண்டும். பயந்துபோன ஆளோடு முதலில் கடலுக்குள் போவது மனசுக்கு ஒவ்வாத காரியம். பயிற்சி இல்லாதவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

இவ்வளவையும் இரண்டு பேராகத்தான் செய்ய வேண்டும். ஓட்டுபவர் ஒருவர், பலகையில் இருப்பவர் ஒருவர். நினைவோடு இருக்கும் ஆளைத் தனியாகப் போய்க்கூட எடுத்துவிடலாம். மயங்கிக் கிடந்தால் பலகைக்காரர் தண்ணீரில் குதித்து, முகத்தை மேலே திருப்பி, பலகையில் ஏற்றி, விழுந்துவிடாமல் மேலேயே படுத்து அணைத்துக்கொண்டு வர வேண்டும். 2013 அக்டோபர் 28 அன்று போர்ச்சுகலின் நசாரே கடலில் பிரேசில் அலைச்சறுக்கு வீராங்கனை மாயா கபெய்ரா பெரிய அலையில் விழுந்தார். ஜெட் ஸ்கியில் அவரைக் காப்பாற்றப் போனவர் கார்லோஸ் பர்லே, உலகமறிந்த திறமைசாலி. வண்டியில் அவர் ஒருவர்தான். மாயாவால் வண்டியைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. கடைசியில் பர்லே வண்டியையே விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்து அவரைக் கரைக்கு இழுத்தார். மணலில் வைத்து மூச்சு கொடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். பர்லேக்கே இந்த நிலை என்றால், சனிக்கிழமை சாயங்காலம் காலாப்பட்டில் தனியாகப் போகும் ஒரு இருபது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள்.

ஓட்டுபவரும் பலகைக்காரரும் அவ்வப்போது இடம் மாற்றிப் பழக வேண்டும். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது, கை சைகைகள் பேசி வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் கொஞ்ச நாளில் கற்றுக்கொள்ளலாம். கையில் தங்க வேண்டுமானால் மாதாமாதம் கடலில் இறங்க வேண்டும்.

இந்தியாவில் இது நடக்காத காரியமல்ல. கோவாவில் கடற்கரைச் சாவுகள் கையை மீறிப் போனபோது, 2008இல் அரசு உயிர்காக்கும் பணியைத் திருஷ்டி என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கோபுரங்கள், கொடிகள், பணி நேரம், ஜெட் ஸ்கி எல்லாவற்றோடும் ஒரு அமைப்பு உருவானது. ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகத்துக்குக் கீழே 1990இல் தொடங்கிய தேசிய நீர் விளையாட்டு நிறுவனமும் கோவாவில்தான் இருக்கிறது. உயிர்காப்பு, விசைப்படகு இயக்கம் இரண்டுக்கும் அங்கே வகுப்புகள் உண்டு. எங்கள் பிள்ளைகள் சிலரை அனுப்பிக் கற்றுவரச் செய்து, அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

புதுச்சேரியில் எத்தனையோ வீடுகளில் பிரான்சில் உறவு இருக்கிறது. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 6 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் உள்ள விசைப்படகைக் கடலில் ஓட்டத் தனி உரிமம் வேண்டும், ஜெட் ஸ்கிக்கும் அதேதான். 1967இல் உருவான எஸ்என்எஸ்எம் என்ற கடல் மீட்புச் சங்கம் தன்னார்வலர்களால் நடக்கிறது. கடலோர ஊர்க்காரர்களே தங்கள் ஊர்க் கடலுக்குப் பொறுப்பெடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் மீனவப் பஞ்சாயத்துகளுக்கு அந்த மாதிரி ரொம்பவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஊரை ஒரே குரலில் கூட்டும் வல்லமை பஞ்சாயத்துகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

ஜெட் ஸ்கி எல்லா இடத்துக்கும் சரிவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கத்தில் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. மறுநாள் காலை கிருஷ்ணா நகரில் சில இடங்களில் ஐந்தடி அளவுக்குத் தண்ணீர். சென்னையிலிருந்து வந்த ராணுவத்தினர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். அப்போது சிலர் "ஜெட் ஸ்கி இருந்தால் சீக்கிரம் வேலை முடிந்திருக்கும்" என்றார்கள். முடிந்திருக்காது. தெருத் தண்ணீரில் பாலித்தீன் பை, துணி, கேபிள் ஒயர், செடிகொடி எல்லாம் மிதக்கும், உறிஞ்சும் வாய் அடைத்துவிடும். வண்டி கிளப்பும் அலை வீட்டுக்குள் அடித்து, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவரைத் தள்ளும். முதியவர்களையும் குழந்தைகளையும் உட்கார வைத்துக் கூட்டி வர, துடுப்புப் போடும் காற்றடைத்த படகுதான் அங்கே சரி. பொருளை வாங்குவதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும். காலாப்பட்டுக் கடலுக்கு வேண்டியது கிருஷ்ணா நகருக்கு வேண்டியதல்ல.

கடலிலேயே கூடப் பாறைக்கும் கல் குவியலுக்கும் இடையில் சிக்கியவரிடம் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது. பாண்டிச்சேரி நகரத்துக் கடற்கரையில் இது பெரிய விஷயம். 1980களில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு வடக்கே மணல் அரித்துப் போனதும், கல் கொட்டியதும் எல்லாருக்கும் தெரியும். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு போட்ட பின் மணல் திரும்பி வந்தது, கூடவே குளிக்க இறங்கும் கூட்டமும் வந்தது. மணலுக்கு அடுத்தே கல். அங்கே மீட்புப் பலகையும் கயிறும் கட்டிய மிதவையும்தான் பேசும்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு என்ன என்பதில்தான் நாம் இன்னும் மோசமாக இருக்கிறோம். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது என்று இன்னும் நடக்கிறது. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும். மூழ்கியவருக்கு இதயம் நின்றதற்குக் காரணமே மூச்சு நின்றதுதான். அதனால் முதலில் காற்று. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு 30 முறை மார்பை அழுத்துவது, இரண்டு முறை ஊதுவது என்று தொடர வேண்டும். மூச்சு திரும்பி எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம். ஜிப்மர் எங்கள் நகராட்சிக்குள்ளேயே இருக்கிறது. காலாப்பட்டுப் பக்கத்திலேயே பிம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. இந்த இரண்டு வளாகங்களிலும் மூச்சு கொடுக்கச் சொல்லித் தரத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பிள்ளைச்சாவடிக்கு வந்தால் போதும். மீனவப் பெண்களையும் அதில் உட்கார வைக்க வேண்டும். ஆண்கள் கடலில் இருக்கும் காலை நேரத்தில் கரையில் இருப்பவர்கள் அவர்கள்தானே.

எல்லைப் பிரச்சினை ஒன்று உண்டு. பொம்மையார்பாளையத்தில் ஒருவர் இழுக்கப்பட்டால், நீரோட்டம் வடக்கே ஓடும் மாதங்களில் அவர் பிள்ளைச்சாவடிக்கு நேராக வந்து நிற்பார். இறங்கியது தமிழ்நாடு, தத்தளிப்பது புதுச்சேரி. இரண்டு பக்கத்துக் கடலோரக் காவல்துறையும் மீனவ ஊர்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. அழைப்பு யாருக்கு வந்தாலும் பக்கத்தில் வண்டி யாரிடம் இருக்கிறதோ அவர்கள் கிளம்ப வேண்டும்.

பிள்ளைச்சாவடிப் பெரியவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது பணத்தைப் பற்றி. "வண்டி யாரு வேணாலும் வாங்கிக் குடுப்பாங்க தம்பி. போட்டோ எடுத்துக்குவாங்க. மாசா மாசம் பெட்ரோலு யாரு போடுவா? அவன் அன்னிக்குத் தொழிலுக்குப் போவலன்னா கூலி யாரு குடுப்பா? அவனுக்கு எதாச்சும் ஆச்சுன்னா?" மூன்றும் நியாயமான கேள்விகள். ஜெட் ஸ்கி உப்புத் தண்ணீரில் ஓடும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினை அலச வேண்டும், இல்லாவிட்டால் அரித்துவிடும். பயிற்சிக்குப் பெட்ரோல், மீட்பர்களுக்கு நாள் கூலி, காப்பீடு, பராமரிக்க ஒரு ஆள். இந்த நான்கையும் ஆண்டுச் செலவாக எழுதி, நகராட்சியோ சுற்றுலாத் துறையோ கடலோரக் காவல்துறையோ ஒருவர் பெயரில் வைத்த பிறகுதான் வண்டியை வாங்க வேண்டும். வரிசை மாறினால் அடுத்த வருடம் அது ஏதோ ஒரு கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும்.

பயிற்சிக்கு நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்து விசைப்படகுகளில் வேலைக்குப் போகும் எங்கள் பக்கத்துப் பையன்கள் அந்த 61 நாளும் ஊரில் இருப்பார்கள், வருமானமும் இருக்காது. கூலி கொடுத்துக் கூப்பிட்டால் வருவார்கள். கோடை விடுமுறைக் கூட்டம் கரையில் குவிவதும் அப்போதுதான். இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் எழும் புயல்களின் நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் வந்து அடிப்பதும் அந்த மாதங்களில்தான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தில், லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தது அப்படியொரு நாளில். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் அந்த அலையை முன்பே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை வரும் நாளில் மீட்பு வண்டி தண்ணீரில் தயாராக நிற்க வேண்டும், கரையில் சிவப்புக் கொடி ஏற வேண்டும். பயிற்சி பெற்றவர்களின் கைபேசிக்கு அந்தச் செய்தி நேராக வருகிற மாதிரி ஏற்பாடு செய்வதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை.

இதெல்லாம் வரும்வரை கடற்கரைக்குப் போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். யாரையாவது தண்ணீர் இழுத்தால் நீந்தத் தெரிந்தவர் என்பதற்காகப் பின்னாலேயே குதிக்காதீர்கள், அப்படிக் குதித்தவரும் சேர்ந்து போன குடும்பங்கள் உண்டு. மூடிய தண்ணீர் கேன், தெர்மோகோல் பெட்டி, வலை மிதவை, கயிறு, கையில் கிடைத்து மிதப்பது எதையும் அவரை நோக்கி வீசுங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் அவர் இருக்கும் இடத்தையே கை நீட்டிக் காட்டிக்கொண்டு நில்லுங்கள், இன்னொருவர் பக்கத்து மீனவர்களைக் கூப்பிட ஓடுங்கள். கடலோரக் காவல்துறைக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்சுக்கு 108. மூன்று எண்ணையும் இப்போதே கைபேசியில் போட்டுவையுங்கள்.